துணிக்கு அடியில் இருந்த கேசட்

கார் ரேடியோவும் டேப்பும் பழுது பார்க்கும் அந்த மனிதரை வண்டிக்காரர்கள் எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தக் கோளாறோடு வந்தாலும் அவர் முதலில் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, கேசட் நுழையும் வாய்க்குள் விட்டுத் துடைப்பார். பாட்டு இழுக்கிறது என்று வந்தாலும் பஞ்சு. ஒரு பக்கத்து ஸ்பீக்கர் கேட்கவில்லை என்று வந்தாலும் பஞ்சு. வண்டியே ஸ்டார்ட் ஆகவில்லை என்று போய் நின்றாலும் இவர் பஞ்சைத்தான் எடுப்பார் என்று பக்கத்து டயர் கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

வெளியே வரும்போது பஞ்சு பழுப்பாக வரும். அதை வண்டிக்காரரின் மூக்குக்கு நேரே பிடிப்பார்.

"இது என்னங்க?" என்பார் வந்தவர்.

"நீங்க கேட்ட பாட்டுதான். கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு இங்க வந்து ஒட்டிக்கிட்டு இருக்கு."

இருபது வருஷமாக இதே பதில். முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். மற்றவர்கள், பாவம் மனுஷன் என்று சிரிப்பார்கள்.

கடை அகலத்தில் ஒரு கார் அளவு, நீளத்தில் இரண்டு கார் அளவு. முன்பக்கம் மேஜை போட்டு அவருடைய மனைவி உட்கார்ந்திருப்பாள். ஏரியல், ஃபியூஸ், ஸ்பீக்கர் மூடி, ஒயர் சுருள் எல்லாம் அவள் பொறுப்பு. எந்த வண்டி எந்தச் செட்டுக்காக எப்போது வந்தது என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்வாள். பின்பக்கம் அவருடைய வேலை மேஜை. மேஜைக்கு மேலே ஒரு விளக்கு, எதிர்ச் சுவரில் ஒரு தகர அலமாரி. வந்தவர்கள் உட்கார, ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பின்சீட்டு.

அவர் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர் இல்லை. பஸ் பட்டறையில் விளக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு டிரைவர் தன் ரேடியோவைக் கொடுத்து, "கெட்டுப்போனது மேல கெட ஒண்ணும் இல்ல, பிரிச்சுப் பாரு" என்றார். பிரித்துப் பார்த்தவர் பிறகு அதிலேயே விழுந்துவிட்டார். பாதி நாள் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். தலை உள்ளே, கால் வெளியே. கழுத்து ஒரு பக்கமாகவே பழகிவிட்டது. "இவரு முகத்தை விட இவரு கால்தான் எனக்கு நல்லா அடையாளம் தெரியும்" என்று மனைவி வந்தவர்களிடம் சொல்வாள். காலை மட்டும் ஆட்டி அவர் பதில் சொல்வார்.

அந்தக் கடையில் அவருக்குப் பெருமை தரும் பொருள் ஒன்று உண்டென்றால் அது அவரே சுற்றிய காயில், கம்பிச் சுருள். டேப் ஓட ஓட, நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் காந்தம் ஏறிவிடும். ஏறினால் பாட்டின் கூர்மை போய்ப் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். அந்தக் காந்தத்தை இறக்கக் கடையில் பேனா மாதிரி ஒரு சாமான் விற்கிறார்கள். அது அவருக்குப் போதவில்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மரின் கம்பியை உருவி, ஒரு சோப்புக் கட்டி அளவுக்குச் சுற்றி, வார்னிஷில் முக்கி, கைப்பிடி வைத்துச் சொந்தமாக ஒன்று செய்துகொண்டார். கரண்டில் செருகினால் உறுமும். பக்கத்தில் சாவிக்கொத்து இருந்தால் நடுங்கும். கைநீட்டும் தூரத்தில் வைத்துச் செருக வேண்டும், மெல்லக் கிட்டே கொண்டுவர வேண்டும், மெல்ல விலக்க வேண்டும், கைநீட்டும் தூரம் போன பிறகுதான் பிடுங்க வேண்டும். இன்னொன்று, அதைத் தொடுவதற்கு முன்னால் மேஜையில் இருக்கும் கேசட்டெல்லாம் எதிர்ச் சுவர் அலமாரிக்குள் போயிருக்க வேண்டும். ஹெட்டில் இருப்பதும் காந்தம்தான், நாடாவில் இருப்பதும் காந்தம்தான். காயிலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கண்ணாடிக்கடை அக்கா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். ஐம்பதை ஒட்டிய வயது. அந்த வண்டி அவளுக்கும் அவள் தம்பிக்கும் பொது. அப்பா விட்டுப்போனது. வார நாளெல்லாம் அவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு.

"நேத்து தம்பி எடுத்துட்டுப் போனான். கேசட் உள்ள சிக்கிக்கிச்சுன்னு கொண்டாந்து விட்டுட்டான். பாத்து எடுங்க பஞ்சு சார். அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"என்ன பாட்டுக்கா? நான் வேற போட்டுத் தர்றேன்."

"பாட்டில்ல. எங்கம்மா."

பஞ்சு குச்சியைக் கீழே வைத்தார்.

தம்பி படித்துக்கொண்டிருந்தபோது முதன்முதலாக ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினானாம். ஓடுகிறதா என்று பார்க்க, அம்மா துணி மடித்துக்கொண்டிருந்த அறையில் சொல்லாமல் வைத்துவிட்டான். நாற்பது நிமிஷம். பாதிவரை அம்மாவுக்குத் தெரியாது. அப்புறம் கண்டுபிடித்துத் திட்டுகிறாள். அவ்வளவுதான் அதில் இருப்பது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டிலிருந்து கடைக்கு இருபது நிமிஷம். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம்.

"காப்பி எடுத்து வெக்கலையாக்கா?"

"எடுக்கணும் எடுக்கணும்னு அவனும் சொல்றான், நானும் சொல்றேன். தினம் ஓடுதேன்னு இருந்துட்டோம்."

அவள் போன பிறகு பஞ்சு செட்டைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்தார். நாடா ரப்பர் உருளையில் நாலைந்து சுற்று சுற்றியிருந்தது. வெட்டாமல், இழுக்காமல், மயிரிழை மயிரிழையாக எடுத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. சுருங்கிய இடத்தை விரலில் துணி சுற்றி நீவினார். தன் மேஜை டேப்பில் போட்டு, நாடா சரியாக ஓடுகிறதா என்று பார்த்தார். ஒரு பெண் குரல், அவசரமில்லாமல் பேசியது.

"இந்தச் சட்டையில ரெண்டு பட்டனைக் காணோம். எங்கடா போச்சு, தின்னுட்டியா?"

யாரோ சிரிக்கும் சத்தம். துணியை உதறும் சத்தம். "சிரி. நாளைக்கு ஊக்கை மாட்டிக்கிட்டுப் போ."

பஞ்சு நிறுத்திவிட்டார். அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. பக்கம் மாறாமல் பேனாவைக் கேசட் சக்கரத்தின் பல்லுக்குள் விட்டுக் கையாலேயே முதலிலிருந்து ஓடும்படிச் சுற்றினார். நாடா முழுவதும் ஒரே சக்கரத்தில் வந்து சேர்ந்தது. மேஜை ஓரத்தில் வைத்தார். கையைத் துடைத்த மஞ்சள் துணியை அதன்மேல் போட்டார். அலமாரி நாலு எட்டுத் தூரம். இதோ முடித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்ததுகூட இல்லை.

உருளையைத் துடைத்தார். பெல்ட்டை மாற்றினார். ஹெட்டைத் துடைத்தார். காயிலை எடுத்துச் செருகிக் காந்தம் இறக்கினார். மெல்ல விலக்கிக்கொண்டிருந்தபோது முன்பக்கத்திலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்த வேன்காரன் பின்னால பாக்காம வர்றான். நம்ம போர்டை இடிக்கப்போறான், வாங்க."

காயிலை அப்படியே கையெட்டிய இடத்தில் வைத்துவிட்டு ஓடினார். வேனின் பின்பக்கம் தட்டி, "வா வா, போதும், ஒடி, இந்தப் பக்கம் ஒடி" என்று வழி சொன்னார். போர்டு தப்பியது. வேன்காரன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் இருக்கும்.

திரும்பி வந்தபோது காயில் மஞ்சள் துணியின்மேல் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருந்தது. தொட்டால் சூடு. பிடுங்கி ஆணியில் மாட்டினார். செட்டை மூடி, தன்னுடைய சோதனைக் கேசட்டைப் போட்டார். மணி மணியாகக் கேட்டது. நல்ல வேலை செய்தோம் என்ற திருப்தியில் துணியைத் தூக்கினார்.

போட்டுப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இருந்தாலும் போட்டார். ஸ் என்ற இரைச்சல். இரைச்சலுக்குள் ஏதோ ஏறி ஏறி இறங்கியது, தூங்குபவரின் மூச்சு மாதிரி. மறுபக்கம் திருப்பினார். அதேதான். சத்தத்தை முழுக்கக் கூட்டினார். இரைச்சல்தான் கூடியது. நாற்பது நிமிஷமும் ஓடவிட்டுக் கேட்டார். எங்காவது ஒரு வார்த்தை, ஒரு பட்டன் அகப்படாதா என்று.

அதன் பிறகு அவர் செய்த காரியம் அவருக்கே விளங்கவில்லை. செட்டை வண்டியில் மாட்டினார். கேசட்டை அதன் வாய்க்குள் வைத்தார். டாஷ்போர்டைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். யாரும் கேட்காமலே நாலு கதவுக்கும் எண்ணெய் விட்டார்.

சாயங்காலம் அக்கா வந்து உட்கார்ந்து பட்டனை அமுக்கினாள். இரைச்சல் வந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கேசட்டைத் திருப்பிப் போட்டாள். காத்திருந்தாள்.

"என்னாச்சு?"

பஞ்சு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியது நாலே வார்த்தைதான். மத்தியானத்திலிருந்து அதைத்தான் தயார் செய்துகொண்டிருந்தார். வாய் திறந்தபோது வேறு வந்தது.

"பழைய நாடாக்கா. கண்ணாடியை ஏத்திவிட்டு வெயில்ல நின்னா, வண்டிக்குள்ள அடுப்பு மாதிரி..."

முடிக்கவில்லை. அவளே முடித்தாள்.

"நேத்து மைதானத்துல. நாள் பூரா வெயில்ல போட்டு வெச்சிருக்கான். கேசட்டை எடுத்துப் பையில வெச்சுக்கோன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

பஞ்சு ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெயில் கேசட்டின் கூட்டை வளைக்கும், நாடாவை நெளியவைக்கும், குரலை அலையவைக்கும். அழிக்காது. தொழிலில் ஒரு வாரம் இருந்தவனுக்கும் அது தெரியும். கண்ணாடிக் கடைக்காரிக்குத் தெரிய வேண்டியதில்லை. கூலி வேண்டாம் என்றார். அவள் அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள். "நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு அவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாளிலிருந்து கடையில் புதுச் சட்டம் வந்தது. வண்டி வந்தால் முதலில் அதிலிருக்கும் எல்லாக் கேசட்டையும் எடுத்து வண்டிக்காரரே கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்குள் கொண்டுவரக் கூடாது. எங்கே வைப்பது என்று கேட்டவர்களிடம் டயர் கடையைக் காட்டினார்.

"யோவ், டயர் வாங்க வர்றவனெல்லாம் பாட்டு இருக்கான்னு கேக்குறான்யா" என்றார் டயர் கடைக்காரர். "எங்கிட்ட என்ன, லாக்கரா வெச்சிருக்கேன்?"

"ரெண்டு மணி நேரம்தான."

"உன் பொண்டாட்டியையும் இங்க உக்காத்தி வெச்சுட்டா நான் நிம்மதியா கடையைக் கட்டிட்டுப் போவேன்."

காயில் ஆணியிலேயே தொங்கியது. அதற்குப் பதிலாகப் பஞ்சை இரண்டு தடவை, மூன்று தடவை விட்டுத் துடைத்தார். காந்தம் பஞ்சுக்கு இறங்குமா? வாங்கிப்போனவர்கள் நாலு நாளில் திரும்பி வந்தார்கள். "என்னங்க, பாட்டு முன்ன மாதிரி கூரா இல்லையே, தொண்டை கட்டின மாதிரி இருக்கே" என்றார்கள். தலையைச் சொறிந்தார். கடையில் விற்கும் பேனா மாதிரிச் சாமானை வாங்கிவந்தார். அதையும் கரண்டில் செருகாமல் மேஜை இழுப்பறையில் போட்டுவைத்தார். மனைவி முன்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பெண் குரல் வேறு அவரை விடவில்லை. சட்டை போடும்போது பட்டன் வரைக்கும் கை போகும், அங்கேயே நிற்கும். உலகத்தில் அதைக் கேட்டவர்கள் மூன்று பேர். அக்கா, தம்பி, இவர். இவருக்கு அதில் இருக்க என்ன உரிமை.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி வந்தார். அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவர். நகக்கண்ணில் மை. அக்காவுக்கு எட்டு வயது இளையவர். பின்சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, செட்டைக் கழட்டித் தரணும். வண்டியை விக்கப்போறோம். வாங்குறவரு தன்னோட செட்டை மாட்டிக்கிறேங்கிறாரு."

"அக்கா ஏதும் சொல்லலையா?"

"அவதான் விக்கச் சொன்னா. நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா இனிமே ஒண்ணும் வேணாம்னுட்டா." சிரிக்கப் பார்த்தார். "நேரா எங்கிட்ட சொல்லலை. சின்னம்மா மூலமா சொல்லி அனுப்பினா. எங்கிட்ட பேசி ரெண்டு மாசம் ஆச்சு."

பஞ்சு ஸ்குரூடிரைவரைத் துடைத்தார்.

"உங்களை ஒண்ணு கேக்கலாமாண்ணே? அன்னிக்கு நான் மரத்தடியிலதான் நிறுத்தினேன். சத்தியமா. நிழல் நகரும்ல, அதை யோசிக்கலை. ஆட்டத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். நடுவுல ஒரு தடவை வந்து நகத்தி விட்டிருந்தா தப்பிச்சிருக்குமா?"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க."

"ஒரு தடவை போதுமா, ரெண்டு தடவை நகத்தணுமா?"

"தெரியலைங்க."

"இப்பல்லாம் எங்க போனாலும் நிழல் எந்தப் பக்கம் போகும்னுதான் பாக்குறேன். மிஷின்கிட்ட நிக்கும்போதுகூட" என்றார் தம்பி. "பைத்தியம் மாதிரி."

பஞ்சு அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குத் தெரிந்த முகம். இரண்டு மாதமாகக் கடையிலிருக்கும் துண்டுக் கண்ணாடியில் தினம் பார்ப்பது. தன்னுடையதை இவர் எடுத்து மாட்டிக்கொண்டு திரிகிறார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தார். எழுந்தவர், "சனிக்கிழமை கொண்டாங்க, கழட்டித் தர்றேன்" என்றார்.

மத்தியானம் கதவைப் பாதி சாத்திவிட்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தக் கேசட்டை நான்தான் அழிச்சேன்" என்றார்.

எந்தக் கேசட் என்று மனைவி கேட்கவில்லை. "எப்ப?"

"நீ வேனுக்குக் கூப்பிட்டேல்ல, அப்ப. காயிலை அதுமேல வெச்சுட்டு வந்துட்டேன்."

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தாள். "நான் கூப்பிட்டிருக்கக் கூடாது."

"நீ என்னம்மா பண்ணுவே. அலமாரியில வெக்காதவன் நான்."

"போர்டு உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுதுன்னு இருந்திருக்கணும்." டம்ளரை மறுபடி எடுத்துக் குடித்தாள். பிறகு, "அதான் டயர் கடையில கேசட் கடை போட்டீங்களா" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"போய்ச் சொல்லுங்க."

"சொன்னா ஒரு பய நம்மகிட்ட வண்டியை விடமாட்டான்."

"இப்ப மட்டும் விடுறானா? தொண்டை கட்டுன செட்டாத்தான கொடுத்துக்கிட்டு இருக்கீங்க."

"ரெண்டு மாசம் சும்மா இருந்துட்டு இப்ப எந்த முகத்தோட போறது?"

"இருக்கிற முகத்தோடதான் போகணும். வேற வாங்கவா முடியும்." அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அந்த மனுஷன் நிழலைப் பத்தி உங்ககிட்ட கேட்டதெல்லாம் என் காதுல விழுந்துச்சு. எனக்கே சோறு இறங்கலை. காரணம் தெரியாதபோதே இறங்கலை. நீங்க எப்படிங்க பிசைஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போக எறும்பு மாதிரி. பெரியவர் போனதும் அவள் திரும்பினாள்.

"வாங்க பஞ்சு சார். கிட்டத்துல தெரியலையா, தூரத்துலயா?"

"கேசட்டை அழிச்சது நான்தாங்க அக்கா."

அவள் கையில் சின்னத் திருப்புளி இருந்தது. அதை அதற்குரிய டப்பாவில் வைத்தாள். டப்பாவை மூடினாள்.

"வெயில் இல்லைங்க. வெயிலுக்குக் குரலை அழிக்கத் தெரியாது. காந்தம் எடுக்கிற காயிலை அதுமேல வெச்சுட்டுப் போயிட்டேன். சிக்கின நாடாவை நல்லாத்தான் எடுத்தேன். அதுக்கப்புறம் ஓடிச்சு. நானே கேட்டேன்."

"எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"ரெண்டு மாசம் கழிச்சு வர்றீங்க."

பஞ்சு எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பார்த்தார்.

"தம்பியை நான் என்ன சொன்னேன் தெரியுமா?" அவள் குரல் உயரவில்லை. "எங்கம்மா போகும்போது அவன்தான் பக்கத்துல இருந்தான். நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. 'அன்னிக்கும் நீதான் பக்கத்துல இருந்தே, இன்னிக்கும் நீதான்'னு சொன்னேன். அவன் எதுத்து ஒரு வார்த்தை பேசலை. ஆமாக்கான்னான். உங்க வாயால வந்த அரை வாக்கியத்தை வெச்சுக்கிட்டு நான் அதைச் சொன்னேன்."

"மன்னிச்சுக்கங்க அக்கா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா உங்களைத் திட்டியிருப்பேன். பத்து நாள் திட்டியிருப்பேன். தெருவுல பாக்கிறவங்ககிட்டல்லாம் சொல்லித் திட்டியிருப்பேன். அதோட போயிருக்கும். கேசட்டு போனது போச்சு, அவனாவது எனக்கு இருந்திருப்பான்."

மேஜைமேல் இருந்த சாவியை எடுத்தாள். கடையைப் பூட்டினாள்.

"ஏறுங்க. எங்கிட்ட சொன்னதை அவன்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா பூசி மெழுகின மாதிரி ஆயிடும்."

வண்டியில் பஞ்சு முன்சீட்டில் உட்கார்ந்தார். கண்ணெதிரே அவர் மாட்டிய செட். வாய் காலியாக இருந்தது. முழங்கால் மடங்கி அதன்மேல் இடித்தது. எத்தனையோ தரம் தலைகீழாகப் படுத்துப் பார்த்த டாஷ்போர்டு, நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்க வேறாக இருந்தது. அக்கா சாலையைப் பார்த்தே ஓட்டினாள். திருப்பங்களில் மட்டும் விளக்கு டிக் டிக் என்றது.

அச்சகத்தில் மூன்று மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி காகிதக் கட்டை அணைத்துக்கொண்டு வந்தவர், அக்காவைப் பார்த்து நின்றுவிட்டார். அவள் பஞ்சைக் கையால் காட்டினாள்.

"இவரு ஒண்ணு சொல்லணுமாம். கேளு."

பஞ்சு சொன்னார். மிஷின் சத்தத்தில் தம்பி காதைக் கிட்டே கொண்டுவந்தார். "என்னண்ணே?" இரண்டாம் தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "நான்தாங்க அழிச்சேன். காயிலை மேல வெச்சுட்டேன்." பக்கத்து மிஷின்காரர் திரும்பிப் பார்த்தார்.

தம்பி காகிதக் கட்டைக் கீழே இறக்கினார். ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினார்.

"அப்ப நிழல்?"

"நிழலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. நாள் பூரா வெயில்ல நின்னிருந்தாலும் அழிஞ்சிருக்காது."

"நான் கேட்டேனே, கடையில வந்து."

"கேட்டீங்க."

"ஒரு தடவையா ரெண்டு தடவையான்னு கேட்டேனே."

"ஆமாங்க."

தம்பி அவரை அடிப்பார் என்று பஞ்சு நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். தம்பி அவர் பக்கம் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தரையைப் பார்த்தாள். அவர் காலடியில் சிதறிக் கிடந்த வெட்டுக் காகிதங்களைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்லைக்கா."

"மணி மூணாகுது. கையைக் கழுவிட்டு வா."

தம்பி கையைக் கழுவப் போனார். மை போகச் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. அக்கா அவர் பின்னால் போய் நின்று, ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து வைத்துக்கொண்டாள். பஞ்சை யாரும் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து நடந்தார். கடை வெகு தூரம். பஸ் ஏறத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் காத்திருந்தார். வண்டி வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. "விக்கலைன்னு முடிவு பண்ணியிருப்பாங்க" என்றாள் மனைவி. "நல்லதுதான." அவருக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அடுத்த சனிக்கிழமையும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நடந்ததை யாரிடமும் மறைக்கவில்லை. டயர் கடைக்காரரிடம் சொன்னார். அவர் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல், "இனிமே எங்கிட்டயே வையி, பரவாயில்ல" என்றார். இரண்டு மூன்று வண்டிக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் வந்தார்கள். பழுப்புப் பஞ்சைக் காட்டும்போது அவர் அந்தப் பழைய பதிலைச் சொல்வதில்லை. "அழுக்குங்க" என்று சொல்லிக் குப்பைக்கூடையில் போட்டார்.

சால்டரிங் கம்பி வாங்கிக்கொண்டு ஒரு நாள் பெரிய சாலையைக் கடக்க நின்றபோது, சிக்னலில் அந்த வண்டி நிற்பதைப் பார்த்தார். அக்கா ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தம்பி. கிழமை ஞாயிறு இல்லை. தம்பி ஏதோ சொல்ல, அக்கா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு மறுத்துப் பேசினாள். சண்டைதான், ஆனால் வீட்டுச் சண்டை. திறந்திருந்த ஜன்னல் வழியே டாஷ்போர்டு தெரிந்தது. செட் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டையை அட்டை வைத்து அடைத்திருந்தது. அட்டையின் ஓரத்தில் ஒயர் நுனிகள் டேப் சுற்றாமல் பிதுங்கிக்கொண்டிருந்தன. யாரோ தொழில் தெரியாதவன் கழற்றியிருக்கிறான். ஒன்றோடொன்று பட்டால் ஃபியூஸ் போகும். போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் ஓர் அடி எடுத்துவைத்தது.

தம்பி அவரைப் பார்த்துவிட்டார். கை பழக்கத்தில் பாதிவரை உயர்ந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தார். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

விளக்கு மாறியது. பஞ்சு பின்னால் நகர்ந்து நடைபாதையில் ஏறி நின்றார்.